இதழின் பக்கமே பள்ளி: மாணவரை இதழியலுக்கு அழைத்த வரலாறும் பாயான் லெப்பாஸ் எழுப்பும் வினாவும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாற்றில் 'ஆள்சேர்ப்பு' என்னும் சொல் முதலில் கங்காணியையே நினைவூட்டும். தோட்ட நிருவாகத்தின் உரிமச் சீட்டோடு தம் சொந்த ஊருக்குச் சென்று, உற்றாரையும் ஊராரையும் அழைத்து வந்த கங்காணிமுறை, 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுக்கு வந்தது. அம்முறை பற்றி விரிவான ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. ஆயின், அதே சமுதாயத்தில் நிகழ்ந்த பிறிதோர் ஆள்சேர்ப்பு போதிய கவனம் பெறவில்லை. தமிழ் நாளேடுகள் பள்ளி மாணவரையும் பள்ளி நீங்கிய இளையோரையும் பெயர் சொல்லி அழைத்துத் தம் பக்கங்களுக்கு எழுத வைத்த முயற்சியே அது. இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளரும் செய்தியாளரும் உருவான வழிகளுள் இது தலையாயது.

இப்பொருளை ஆராயத் தூண்டியது ஒரு சிறு நிகழ்ச்சியாகும். பினாங்குத் தீவின் தென்கிழக்கே அமைந்த பாயான் லெப்பாஸ் வட்டாரத்தில், இடைநிலைப்பள்ளி ஒன்றின் தமிழ்மொழி வகுப்பு மாணவரைச் சந்திக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. விடுமுறையில் நடைபெறவிருந்த இதழியல் பயிலரங்கிற்கு மாணவரைச் சேர்ப்பதே நம் நோக்கம். இதழியலின் சிறப்பையும் மொழிக்கு அது ஆற்றும் தொண்டையும் விளக்கிப் பேசினோம். மாணவர் பொறுமையோடு கேட்டனர். எவரும் பெயர் கொடுக்கவில்லை. இறுதியில் ஒரு மாணவி எழுந்து, "நாங்க எழுதுனா எங்க பேரு பேப்பர்ல வருமா, சார்?" என்று வினவினார். அவ்வினாவுக்கு நம்மிடம் உறுதியான விடை இல்லை. நம் முன்னோடி இதழாசிரியர்களிடம் அவ்வினாவுக்குத் தெளிவான விடை இருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

மாணவரை இதழியலுக்குச் சேர்த்த முயற்சிகளை வரலாற்று முறையில் தொகுத்து நோக்குவதும், அவை வெற்றி பெற்றதற்கும் தளர்ந்ததற்கும் உரிய காரணங்களை இனங்காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பினாங்கும் அச்சுத்தொழிலும்

பினாங்கு இந்நாட்டு இதழியலின் பிறப்பிடங்களுள் ஒன்று. 1806ஆம் ஆண்டிலேயே இங்கு ஆங்கில வார இதழ் வெளிவரத் தொடங்கிற்று. தமிழ் இதழ்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நீரிணைக் குடியேற்றங்களில் தோன்றிவிட்டன. நாகூரைச் சேர்ந்த குலாம் காதிறு நாவலர் (1833-1908) 1880களில் பினாங்கில் 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தினார். சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயபு 1887 முதல் 1890 வரை 'சிங்கை நேசன்' இதழை வெளியிட்டார்.

இக்கால இதழ்களை நடத்தியோர் தமிழகத்திலேயே கல்வி முடித்துக் கடல் கடந்து வந்தவர்கள். எழுதுவோரும் பெரும்பாலும் அவ்வாறே. உள்ளூரில் பிறந்து வளர்ந்த இளையோரைப் பயிற்றி எழுத்துத் துறைக்குக் கொணர வேண்டிய தேவை அன்று எழவில்லை. கப்பல் வந்துகொண்டிருந்த வரையில் எழுத்தாளரும் வந்துகொண்டிருந்தனர். 1924ஆம் ஆண்டில் நரசிம்ம ஐயங்கார் கோலாலம்பூரில் தொடங்கிய 'தமிழ் நேசன்', 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தோன்றிய 'தமிழ் முரசு' ஆகிய இரண்டும் தொடக்கக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோரையே மிகுதியும் சார்ந்திருந்தன. தமிழ் முரசை வளர்த்த கோ. சாரங்கபாணியும் (1903-1974) திருவாரூரில் பிறந்து, 1924ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்தவரே.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையை மாற்றியது. போருக்குப் பின்னர்க் குடிநுழைவு கட்டுப்படுத்தப்பட்டது. இந்தியா 1947ஆம் ஆண்டில் விடுதலை பெற்றதும், மலாயாவில் வாழ்ந்த தமிழர் தம் நாடு எது என்று முடிவு செய்யவேண்டிய நெருக்கடிக்கு ஆளாயினர். இம்மண்ணிலேயே பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளிகளிலும் நகர்ப்புறப் பள்ளிகளிலும் பயின்ற ஒரு தலைமுறை எழுந்தது. அத்தலைமுறைக்குத் தமிழ் படிக்கத் தெரியும். தொடர்ந்து எழுதுவதற்கு உரிய களம் இல்லை. இதழ்களுக்கோ உள்ளூர் வாழ்வை அறிந்து எழுதுவோர் தேவைப்பட்டனர். இவ்விரு தேவைகளும் சந்தித்த இடத்திலேயே மாணவர் சேர்ப்பு தொடங்கிற்று.

கதை வகுப்பு

1950ஆம் ஆண்டில் தமிழ் நேசன் நாளேட்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' இவ்வகையில் முதற்கண் குறிப்பிடத்தக்கது. இது கட்டடம் இல்லாத வகுப்பு. பாடம் நாளேட்டில் அச்சாயிற்று. பயிற்சி அஞ்சலில் சென்றது. திருத்தமும் மதிப்பீடும் மீண்டும் நாளேட்டிலேயே வெளிவந்தன. சிறுகதை என்பது யாது, அதனை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு முடிப்பது என்பன போன்ற அடிப்படைகளைக் கற்பித்த இம்முயற்சி, மலாயாத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றில் ஒரு திருப்பமாக ஆய்வாளர்களால் மதிக்கப்படுகிறது.

கதை வகுப்பு பள்ளி மாணவர்க்கென்றே நடத்தப்பட்டதன்று. ஆயினும், மாணவர் சேர்ப்பு வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. சேர்வதற்குக் கல்வித் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை என்பது முதற்காரணம். அஞ்சல்தலைக்கு ஆகும் செலவும் எழுதும் துணிவும் இருந்தால் போதும். தோட்டத்தில் வாழ்ந்த இளைஞனும் நகரத்தில் எழுத்தராகப் பணியாற்றியவரும் ஒரே வகுப்பில் அமர முடிந்தது. தவறு செய்தவர் விலக்கப்படாமல் திருத்தப்பட்டார் என்பது இரண்டாவது காரணம். எழுதியவரின் பெயர் நாளேட்டில் வந்தது. அவர் எழுதியதற்குப் பொதுவில் ஒரு மறுமொழி கிடைத்தது. தன் எழுத்தை யாரோ ஒருவர் கருத்தோடு படித்திருக்கிறார் என்னும் உணர்வே பலரை அடுத்த கதையை எழுத வைத்தது எனலாம்.

1952ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து 1957ஆம் ஆண்டு வரை தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமியும் இவ்வழியைத் தொடர்ந்தார். தமிழகத்தில் சிறந்த சிறுகதையாசிரியராக அறியப்பெற்ற அவர், உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தி, அவர்தம் படைப்புகளை ஆராய்ந்து கருத்துரைத்தார். அச்சுப்பக்கத்தில் தொடங்கிய வகுப்பு நேருக்கு நேர் உரையாடும் வட்டமாக வளர்ந்தமை இங்கு நோக்கத்தக்கது.

மாணவர் மணிமன்றம்

பள்ளி மாணவரை நேரடியாக நோக்கிய பேரழைப்பு தமிழ் முரசின் மாணவர் மணிமன்றமாகும். 1950களின் தொடக்கத்தில் தோன்றிய இப்பகுதி, மாணவர்க்கென நாளேட்டில் ஒதுக்கப்பட்ட பக்கமாக மட்டும் அமையவில்லை. சாரங்கபாணி அதனை ஓர் இயக்கமாகவே கருதினார். 1952ஆம் ஆண்டில் தமிழர் திருநாளை அறிமுகம் செய்தவரும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்கவேண்டும் எனத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் மக்களிடம் நிதி திரட்டியவரும் அவரே. ஒவ்வொருவரும் இயன்ற சிறு தொகையைக் கொடுத்துப் பங்காளராகும் அம்முயற்சியின் அடிப்படையும், ஒவ்வொரு மாணவரும் உறுப்பினராகும் மணிமன்றத்தின் அடிப்படையும் ஒன்றே.

மணிமன்றம் மாணவரை வாசகராக மட்டும் கொள்ளாமல் உறுப்பினராகச் சேர்த்தது. உறுப்பினராதல் என்பது பெயர் பதிதல். பெயர் பதிந்தவர் எழுதலாம். எழுதியது தகுதியுடையதாயின் பெயரோடும் ஊரோடும் அச்சாகும். ஊர்ப்பெயர் அச்சானமையின் விளைவு சிறிதன்று. வரைபடத்தில் இடம் பெறாத தோட்டங்கள் தமிழ் முரசின் பக்கத்தில் இடம் பெற்றன. ஓர் ஊர் மாணவர் பெயரைக் கண்ட அடுத்த ஊர் மாணவரும் எழுத முன்வந்தார். ஆசிரியர் குழு விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதினும், அச்சான பெயரே ஆள் சேர்ப்பது விரைவாக நிகழ்ந்தது.

காலப்போக்கில் மணிமன்றம் பக்கத்தைத் தாண்டி ஊர்தோறும் கிளைகளாக உருவெடுத்தது. பேச்சுப்போட்டி, நாடகம், கையெழுத்து ஏடு, நூலகம் எனப் பல பணிகள் தொடர்ந்தன. மாணவராகச் சேர்ந்தவர் இளைஞரானபோது மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றங்கள் தோன்றி, நாடளாவிய பேரவையாகவும் இணைந்தன. ஒரு நாளேட்டின் மாணவர் பக்கம் நாடு தழுவிய இளைஞர் அமைப்பாக வளர்ந்த இந்நிகழ்வு, உலக இதழியல் வரலாற்றிலும் எண்ணத்தக்கதாகும்.

1965ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. அதன்பின் இரு நாடுகளின் நாளேடுகளும் ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று விற்பனையாகாத நிலை உருவானது. தமிழ் முரசைத் தம் ஏடாகக் கருதி வளர்ந்த மலேசிய மாணவர் அதன் பக்கத்தை இழந்தனர். இழப்பை மலேசிய இதழ்கள் ஓரளவு ஈடு செய்தன. தமிழ் முரசில் பணியாற்றிப் பின்னர்த் தமிழ் நேசனுக்கு வந்த முருகு சுப்பிரமணியன் புதிய எழுத்தாளரை ஊக்குவித்தார். 1970களின் இறுதியில் ஆதி. குமணனின் 'வானம்பாடி' வார இதழ் புதுக்கவிதைக்குப் பக்கங்களைத் திறந்து மற்றோர் இளைய அணியை அழைத்தது.

ஆசிரியரின் இணைப்புப் பணி

மேற்கூறிய முயற்சிகளின் வெற்றியை இதழாசிரியர்க்கு மட்டும் உரியதாக்குதல் பொருந்தாது. நாளேட்டுக்கும் மாணவனுக்கும் இடையே தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நின்றார். தோட்டத்தில் நாளேடு வாங்கியோர் சிலரே. அச்சிலருள் ஆசிரியரும் ஒருவர். படித்து முடித்த ஏட்டை வகுப்புக்குக் கொண்டு வந்தவரும், மாணவனின் கட்டுரையைத் திருத்தி அஞ்சலிட்டவரும், பல ஊர்களில் நாளேட்டின் பகுதிநேரச் செய்தியாளராகப் பணியாற்றியவரும் அவரே. மாணவனுக்கு அவர் நேரில் கண்டறிந்த முதற் செய்தியாளரும் ஆவார்.

அயல்நாட்டு வரலாறும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளி இதழியல் நெடுங்காலமாகப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக உள்ளது. பள்ளி இதழ்களில் சிறந்து விளங்கும் மாணவரைப் போற்றுவதற்கெனக் 'குவில் அண்டு ஸ்க்ரோல்' என்னும் கழகம் 1926ஆம் ஆண்டில் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டது. நிறுவியோருள் முதன்மையானவர், பிற்காலத்தில் பொதுமக்கள் கருத்துக் கணிப்பால் புகழ்பெற்ற ஜார்ஜ் கேலப். 1950களில் இளையோர் இதழியல் பணியை நாடாமை கண்டு கவலையுற்ற 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளேட்டின் பெர்னார்டு கில்கோர், 1958ஆம் ஆண்டில் 'நியூஸ்பேப்பர் ஃபண்டு' என்னும் அறநிதியைத் தோற்றுவித்தார். அந்நிதி தொடக்கத்திலேயே மேற்கொண்ட பணி, உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களைக் கோடைக்கால இதழியல் பயிற்சிக்கு அனுப்பியதாகும். மாணவரைச் சேர்க்கவேண்டுமாயின் முதலில் ஆசிரியரைச் சேர்க்கவேண்டும் என்பதை அவர்கள் திட்டமிட்டு அறிந்தனர். நம் தோட்டப்பள்ளி ஆசிரியர்களோ திட்டம் எதுவும் இன்றியே அப்பணியை ஆற்றி வந்தனர்.

ஆறாண்டுக்குப் பின் ஏற்படும் இடைவெளி

இந்நிலை தளர்ந்தமைக்குக் கல்வி அமைப்பில் ஒரு காரணம் உண்டு. மலேசியாவில் தமிழ்ப்பள்ளி தொடக்கக்கல்வியோடு நின்றுவிடுகிறது. ஆறாம் ஆண்டு முடித்த மாணவர் தேசிய மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்குத் தமிழ், மாணவர் தம் தாய்மொழி என்னும் நிலையில் ஒரு பாடமாக மட்டுமே அமைகிறது. குறைந்தது பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அப்பாடத்துக்கு ஏற்பாடு செய்யலாம் என்பது 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் கூறும் விதியாகும். எண்ணிக்கை இருந்தும் ஆசிரியர் இல்லாமையும், ஆசிரியர் இருந்தும் கால அட்டவணையில் இடமில்லாமையும் பலரும் அறிந்த சிக்கல்கள்.

இதழியல் நோக்கில் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவர்க்குக் கதை சொல்லத் தெரியும். செய்தி சேகரிக்கும் முதிர்ச்சி குறைவு. வினா எழுப்பவும் ஐயுறவும் ஒப்பிடவும் தொடங்கும் பருவம் பதின்மூன்று முதல் பதினேழு வரை. அப்பருவத்தில்தான் மாணவர் தமிழ்ச் சூழலிலிருந்து விலகுகின்றனர். அவருக்கும் நாளேட்டுக்கும் இடையே நின்ற தமிழாசிரியரும் பல பள்ளிகளில் இல்லை. மணிமன்றக் காலத்தில் நாளேடு நிரப்பிய இடைவெளி இதுவே.

பிற்கால நாளேடுகளின் மாணவர் பகுதிகள் வேறு திசையில் சென்றன. 1988 முதல் நடைபெற்று 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வும், எஸ்.பி.எம். முதலிய பிற தேர்வுகளும் அப்பகுதிகளில் பேரிடம் பெற்றன. மாதிரி வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் பெற்றோரை ஈர்த்தன. ஏட்டின் விற்பனைக்கும் துணை செய்தன. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால், மாணவர் எழுதுவதற்கென இருந்த பக்கம் மாணவர்க்காக எழுதப்படும் பக்கமாயிற்று. விடைத்தாளில் எழுதுவோரின் பெயர் மறைக்கப்படும். மணிமன்றத்தில் எழுதியோரின் பெயர் அச்சிடப்பட்டது. அம்மாற்றத்தில் மாணவரை அழைக்கும் குரல் மெலிந்தது.

பாயான் லெப்பாஸ்: ஓர் ஆங்கில நாளேட்டின் அழைப்பு

இனிப் பாயான் லெப்பாஸை நோக்குவோம். 1935ஆம் ஆண்டில் விமான நிலையம் அமைந்ததும், 1972ஆம் ஆண்டில் முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில் தடையற்ற வாணிக வட்டாரம் உருவானதும் இவ்வூரின் முகத்தை மாற்றின. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் தொழிற்சாலை இங்கேதான் எழுந்தது. கம்பங்களும் வயல்களும் தோட்டங்களும் இருந்த நிலத்தில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்தன. தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இத்தொழிற்சாலைகளே வாழ்வளித்தன. பாயான் லெப்பாஸிலும் அருகிலுள்ள சுங்கை ஆராவிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சற்று வடக்கே மிண்டனில் 1969ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அதன் தொடர்பியல் துறை மாணவர் பயிற்சிக்கென வெளியிடும் 'பெரித்தா கம்புஸ்' இதழ் 1970களில் தொடங்கியதாகும்.

இவ்வட்டாரத்துக்கு இதழியலோடு மேலும் ஒரு தொடர்பு உண்டு. 1971ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ஜார்ஜ்டவுனில் ஒரு வட்டார ஏடாகத் தோன்றிய 'த ஸ்டார்' ஆங்கில நாளேடு, 1976ஆம் ஆண்டில் நாடளாவிய ஏடாயிற்று. தலைமையகம் பின்னர்ப் பெட்டாலிங் ஜெயாவுக்கு மாறிய போதிலும், அதன் வட மாநில மையம் பாயான் லெப்பாஸில் அமைந்தது. இந்நாளேடு 1993ஆம் ஆண்டில் 'பிராட்ஸ்' என்னும் இளம் செய்தியாளர் திட்டத்தைத் தொடங்கியது. குறும்புச் சிறுவர் எனப் பொருள்படும் அவ்வாங்கிலச் சொல்லை, அறிவுக்கூர்மையும் ஊர்சுற்றும் ஆர்வமும் பிறரைத் தொல்லைப்படுத்தும் துணிவும் உடைய பதின்ம வயதினர் என விரியுமாறு அமைத்திருந்தனர். பெயரே ஓர் அழைப்பு. நல்ல மாணவராக இருங்கள் என்று அது கூறவில்லை. கேள்வி கேட்டுத் தொல்லை கொடுங்கள் என்று கூறிற்று.

விண்ணப்பித்துத் தெரிவு பெற்ற மாணவர் நாட்டின் பல பகுதிகளில் நடைபெற்ற பயிலரங்குகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அங்கு மக்களைச் சந்தித்துப் பேட்டி கண்டு, படம் எடுத்து, கெடுநேரத்துக்குள் எழுதிக் கொடுத்தனர். எழுதியவை அவர்தம் பெயரோடு நாளேட்டில் வெளிவந்தன. தமிழகத்தில் 'ஆனந்த விகடன்' நிறுவனம் 1980களில் தொடங்கிய மாணவர் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. கல்லூரி மாணவரைத் தேர்வு நடத்திச் சேர்த்து, அவர்களைச் செய்திக் களத்துக்கே அனுப்பிய அத்திட்டம், தமிழ் இதழ்களுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் செய்தியாளர் பலரை அளித்துள்ளது.

மணிமன்றத்தையும் பிராட்ஸ் திட்டத்தையும் ஒப்பிடுவோர் ஒற்றுமை ஒன்றையும் வேற்றுமை இரண்டையும் காண்பர். எழுதியவரின் பெயர் அச்சாதல் ஒற்றுமை. முன்னது எல்லாரையும் சேர்த்துப் பின்னர்ப் பக்குவப்படுத்தியது. பின்னது தேர்ந்தெடுத்த பின்னரே சேர்த்தது என்பது முதல் வேற்றுமை. முன்னது கதை, கவிதை, கட்டுரை ஆகியவற்றைக் கற்பித்தது. பின்னது செய்தி சேகரித்தலைக் கற்பித்தது என்பது இரண்டாம் வேற்றுமை.

எழுத்தாளரும் செய்தியாளரும்

இவ்விரண்டாம் வேற்றுமை நம் மரபின் குறையைச் சுட்டுகிறது. கதை வகுப்பு முதல் புதுக்கவிதை வரை நம் இதழ்களின் அழைப்பு படைப்பிலக்கியம் நோக்கியதாகவே இருந்தது. அதன் பயனாக மலேசியத் தமிழ் இலக்கியம் செழித்தது. செய்தி எழுதுதலோ பயிற்றுதற்குரிய கலையாகக் கருதப்படவில்லை. சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலையும் பேசியோர் பெயர்களையும் வரிசைப்படுத்துவதே ஊர்ச்செய்தி என்னும் எண்ணம் வேரூன்றியது. சம்பளம், வீடு, பள்ளி நிலம், கோயில் நிலம் முதலிய சிக்கல்களை ஆவணங்களோடு ஆராய்ந்து எழுதுவோர் தமிழில் அரிதாயினர்.

மாணவரைச் செய்தியாளராக்குவதில் இடர்ப்பாடு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கவிதை எழுதும் மாணவரால் பள்ளிக்குத் தொல்லை இல்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் விலையைப் பற்றி எழுதும் மாணவரால் தொல்லை உண்டு. அமெரிக்காவில் ஒரு பள்ளி முதல்வர் மாணவர் இதழின் இரு பக்கங்களை நீக்கியமை வழக்காகி, 1988ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஹேசல்வுட் வழக்கு எனப்படும் அவ்வழக்கில் தீர்ப்பு பள்ளிக்குச் சார்பாகவே அமைந்தது. பேச்சுரிமையைப் பெரிதும் போற்றும் நாட்டிலேயே நிலை இதுவாயின், 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம் நடப்பிலுள்ள நம் நாட்டில் பள்ளிகள் தயங்குவதில் வியப்பில்லை. நாளேட்டின் பக்கம் பள்ளிக்கு வெளியே அமைவதால் மாணவர்க்கும் தலைமையாசிரியர்க்கும் ஒருசேரப் பாதுகாப்பளிக்கும் என்பது இங்கு நினைக்கத்தக்கது. பொறுப்பு இதழாசிரியருடையதாகும், தலைமையாசிரியர் நெருக்கடிக்கு ஆளாகார்.

நம் முடிவுகளுக்கு ஒரு வரையறையும் உண்டு. மணிமன்றத்தால் வளர்ந்தோர் தம் நினைவுகளை எழுதியுள்ளனர். இருமுறை எழுதி அனுப்பி, அச்சாகாமையால் எழுதுவதையே விட்டவர் எவரும் அதனைப் பதிவு செய்யவில்லை. எனவே, வெற்றி பெற்றோரின் சான்றுகளை மட்டும் கொண்டு அக்காலத்தை மிகைப்படுத்திப் போற்றுதல் வரலாற்று நெறியாகாது. எனினும், எழுதத் தொடங்கியவர் பலராக இருந்தமையே எஞ்சியோர் சிலரேனும் இருப்பதற்குக் காரணம் என்பதில் ஐயமில்லை.

முடிவுரை

2019ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் தமிழ் நேசன் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஏடு அது; கதை வகுப்பு நடந்த பக்கமும் அதுவே. விளம்பர வருவாய்க் குறைவு, கைப்பேசியின் பெருக்கம் எனக் காரணங்கள் பல கூறப்படலாம். அவற்றோடு வாசகரின் வயதையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். மாணவரை எழுத அழைக்காத ஏடு, இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் வாசிக்க அழைக்கும்போது வருவோர் குறைவாகவே இருப்பர். மாணவர் சேர்ப்பு என்பது இதழ்கள் இளையோர்க்குச் செய்யும் உதவி என்று கருதப்படுகிறது. இதழ்கள் தம் உயிரைக் காத்துக்கொள்ளும் வழியும் அதுவேயாகும்.

வரலாறு காட்டும் நெறிகள் மூன்று. முதலாவது, அழைப்பு முதலாம் படிவத்திலேயே விடுக்கப்படவேண்டும். பல்கலைக்கழகத்தில் விடுக்கப்படும் அழைப்பு காலம் கடந்தது. இரண்டாவது, மாணவரை அணுகுமுன் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியரை அணுகவேண்டும். உயர்கல்விச் சேர்க்கையில் புறப்பாட நடவடிக்கைகளுக்குப் பத்து விழுக்காடு மதிப்பளிக்கப்படுவதால், தமிழ்மொழிக் கழகத்தின் கீழ் இதழியல் குழு அமைக்கும் ஆசிரியர் மாணவரின் எதிர்காலத்துக்கும் துணை செய்தவராவார். மூன்றாவது, தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதைவிடச் சேர்த்துத் தேர்ச்சியளிப்பதே நம் சூழலுக்கு ஏற்றது. பதினைந்து மாணவர் கிடைப்பதே அரிதாகிய வகுப்பில் பதின்மரைத் தேர்வு வைத்து நீக்குதல் பொருந்தாது.

பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளுக்கும் இதில் பங்குண்டு. நாம் ஆய்விதழ்கள் நடத்துகிறோம். அவற்றில் நாமே எழுதி நாமே படிக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் இடைநிலைப்பள்ளி மாணவர் தம் ஊரைப் பற்றிச் சேகரித்த செய்திகளைத் தொகுத்து அச்சிடுதல் நம்மால் இயலாத செயலன்று. பாயான் லெப்பாஸ் மாணவர்க்கு எழுதுவதற்குப் பொருள் இல்லாமல் இல்லை. இரவுப் பணி முடித்துத் தொழிற்சாலைப் பேருந்தில் வீடு திரும்பும் தாய், தென்கடற்கரையில் கடல் தூர்க்கும் திட்டத்தைக் குறித்து மீனவர் கூறும் கவலை, தமிழ்ப்பள்ளியில் தம்முடன் படித்து இப்பொழுது தமிழ் வகுப்புக்கு வாராத நண்பர் என ஒவ்வொன்றும் ஒரு செய்தியே. அவற்றை அம்மாணவரைவிட நன்கறிந்த செய்தியாளர் வேறெவரும் இலர்.

அம்மாணவி கேட்ட வினாவுக்கு வருவோம். பெயர் வருமா என்னும் அவ்வினாவைப் புகழாசை எனத் தள்ளுதல் தவறு. தம் பெயரும் ஊரும் தமிழில் அச்சாகக் கண்டவர், அம்மொழியில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்று அறிகின்றார். சுப. நாராயணனும் சாரங்கபாணியும் அதனை உணர்ந்திருந்தனர். அடுத்த முறை அப்பள்ளிக்குச் செல்லும்போது, இதழியலின் சிறப்பை விளக்கும் உரையை நாம் எடுத்துச் செல்லப் போவதில்லை. மாணவர் பெயர்களை அச்சிடுவதற்கு ஒதுக்கப்பட்ட பக்கம் ஒன்றை எடுத்துச் செல்வதே முறை. அப்பக்கத்தைத் தேடித் தரும் கடமை, இக்கட்டுரையைப் படிக்கும் ஆசிரியர்க்கும் நமக்கும் பொதுவானது.